அம்மிணி ஜெயிச்ச அன்னைக்கு

கோல்ஃப்னா என்னன்னு தெரியுமுங்களா தம்பி? தெரியாதுங்களா. கொடுத்து வெச்சவரு. அப்படியே இருந்துக்குங்க.

பெருசா ஒண்ணுமில்லீங்க. ஒரு சின்ன வெள்ளைப் பந்து. கண்ணுக்கெட்டாத தூரத்துல ஒரு குழி. பந்தை அந்தக் குழிக்குள்ள விடோணும். கையில எடுத்துட்டு நடந்து போய்ப் போட்டா சட்டுனு முடிஞ்சு போற சோலி. அதை மட்டையில அடிச்சு, தொலைச்சு, தேடி, மறுபடி அடிச்சு அரை நாள் ஆக்கறாங்க. இப்படிப் பதினெட்டுக் குழி. யாரு கம்மியான அடியில முடிக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. கம்மியா வேலை செஞ்சவங்களுக்குப் பரிசு குடுக்கற ஒரே ஆட்டம் உலகத்துல இதுதானுங்க. அதனாலதான் பெரிய ஆபீசருங்களுக்கு இது ரொம்பப் புடிக்குதாட்ட இருக்குது.

உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம் தெரியும்னு கேப்பீங்க. என்ற பொண்ணு ஆடுது. நிரஞ்சனான்னு பேரு. ஊட்டுல கூப்பிடறது அம்மிணி. போன மாசம் மைசூர்ல கப்பு வாங்குச்சே, பேப்பர்ல பாக்கலீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. கிரிக்கெட்டுல எவனுக்கோ தொடையில சுளுக்குன்னு அரைப் பக்கம் போட்டிருந்தாங்க. அதுக்குக் கீழ தீப்பெட்டி அளவுக்கு நம்ம சேதி. அதுல போட்ட போட்டோவுலயும் பொண்ணு இருக்குது, அவங்கம்மா இருக்குது, நான் இல்லை. ஏன் இல்லைங்கறதுதான் கதை. ரயிலு ஈரோடு தாண்டறதுக்குள்ள சொல்லிப் போடறேன். நீங்க காலை நீட்டிக்குங்க, பரவால்ல.

நமக்குக் கோயமுத்தூர் கணபதியில ஃபவுண்டரிங்க. பம்புசெட்டுக்கு உள்சாமான் வார்க்கறோம். அதே ரோட்ல குமரவேல்னு ஒருத்தர், அவருக்கும் அதே தொழில். மனுசன் திடீர்னு க்ளப்புல மெம்பராகி, பையனைக் கோல்ஃப்ல சேத்துட்டாரு. எந்தக் கல்யாணத்துல பாத்தாலும் பந்தியில உக்காந்துட்டு, மணிக்கட்டை அப்படியும் இப்படியும் திருப்பி, "பையனுக்கு ஸ்விங் நல்லா வருதுங்க"ம்பாரு. குமிழி இல்லாம ஒரு வார்ப்பு எடுக்கத் தெரியாது அவருக்கு. ஸ்விங்காம். அடுத்த வாரமே நானும் மெம்பரானேன். நமக்குப் பையன் இல்லை, பொண்ணைச் சேத்துட்டேன். அப்ப அம்மிணி அஞ்சாவது படிச்சுட்டு இருந்துது. டான்ஸ் க்ளாஸ்தான் போவேன்னு அழுதுது. அழுதா விட்ருவமா? இன்னைக்குக் குமரவேல் பையன் கனடாவுல எவன் கம்பெனியிலயோ கம்ப்யூட்டர் தட்டிட்டு இருக்கான். நம்ம பொண்ணு ப்ரொஃபஷனல் ப்ளேயர். யாரு ஜெயிச்சாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

அன்னையிலேருந்து நான் பக்கத்துல இல்லாம அம்மிணி ஒரு ஆட்டம் ஆடுனதில்லைங்க. ஒண்ணு கூட. பெங்களூர்ல கோச்சு ஒருத்தர் வெச்சிருக்கோம். தாடியெல்லாம் விட்டுட்டு, பேசறதுக்கு முன்னாடி மூச்சை இழுத்து விடுவாரு. ஒரு நாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சார், அவளைக் கொஞ்சம் தனியா விட்டுப் பாருங்களேன்"னாரு. நான் சொன்னேன், "தனியா விடறதுக்கு எதுக்குங்க ஒரு கோச்சு, அதை நானே பண்ணிக்குவேனே." மனுசன் மறுபடி மூச்சை இழுத்து விட்டாரு.

நான் மட்டையைத் தொட்டதில்லை, அதை ஒத்துக்கறேன். அதுக்காக? குதிரை ஓட்டறதைப் பத்திக் குதிரைக்கா தெரியும்? ஃபவுண்டரியில உலை சூடாகற நேரமெல்லாம் யூட்யூப்ல கோல்ஃப்தான். அப்புறம் நானா ஒரு முறை கண்டுபுடிச்சேன். ஆட்டத்துக்கு நடுவுல வெளியாளு பேசக் கூடாதுன்னு ஒரு சட்டம் வெச்சிருக்கறாங்க. அதனால குடை. குடையை விரிச்சா ஜாக்கிரதையா ஆடு. மடக்கினா ஓங்கி அடி. மடக்கித் தரையில தட்டினா, நீ இப்பப் பண்ணுனது தப்பு. அம்மிணி ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி என்னைத் திரும்பிப் பார்க்கும். அடிச்ச பின்னாடியும் பார்க்கும். பாத்துட்டேதான் இருக்கும். அப்படி ஒரு பாசம்.

ப்ரொஃபஷனல் ஆன பொறகு கெரகம் புடிச்சுதுங்க. மூணு நாள் போட்டியில, மொத ரெண்டு நாள் நல்லா ஆடினவங்களைத்தான் மூணாவது நாளைக்கு விடுவாங்க. மத்தவங்க மூட்டையைக் கட்டோணும். அம்மிணி ஊர் ஊராப் போய் மூட்டை கட்டுச்சு. நொய்டாவுல பனி. கொல்கத்தாவுல தண்ணி சேரலை. புனேவுல புல்லு சரியில்லை. ஒவ்வொரு ஊர்லயும் ரூமுக்கு வந்ததும், மொத அடியிலேருந்து கடைசி அடி வரைக்கும் எங்கெங்க தப்புன்னு நான் விளக்கமா எடுத்துச் சொல்லுவேன். எதிர்ல உக்காந்து கம்முனு கேக்கும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை. சில நாள் தட்டுல வெச்ச சோத்தைக் கூடத் தொடாமக் கேட்டிருக்குது. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு அப்படிக் கேக்குது, சொல்லுங்க.

அதுக்குள்ள திருப்பூர்லேருந்து ஒரு சம்பந்தம் வந்துது. பனியன் கம்பெனிக்காரங்க, நல்ல குடும்பம். நான் அம்மிணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கண்ணு, மைசூர்ல ஒரு போட்டி இருக்குது. அங்கயும் மூட்டை கட்டுனா மட்டையைப் பரண்மேல போட்டுரலாம். திருப்பூர்க்காரங்களை வரச் சொல்லிரலாம்."

"சரிங்கப்பா"ன்னுது. கொஞ்ச நேரம் கழிச்சு, "மைசூருக்கு அம்மாவும் வரட்டுமுங்களாப்பா?"ன்னு கேட்டுது.

என்ற ஊட்டுக்காரி புனிதாவுக்குக் கோல்ஃப் மட்டைக்கும் துவைக்கற கட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு ஆட்டம் வந்து பாத்ததில்லை. "அவ வந்து என்ன பண்ணப் போறா கண்ணு?"ன்னேன்.

"சும்மா இருப்பாங்கப்பா."

சும்மா இருக்கறதுக்கு மைசூர் வரைக்கும் எதுக்கு, அது கணபதியிலயே முடியுமே. சரி, சாமுண்டி மலையும் பாத்த மாதிரி இருக்கட்டும்னு கூட்டிட்டுப் போனேன்.

மொத நாளு காலையில ஆட்டம் சரியில்லைங்க. நான் கூடவே நடந்து குடையை விரிச்சு மடக்கிக் கையே வலிச்சுப் போச்சு, பந்து காட்டுக்குள்ள போகுது, மணல்ல போகுது. பாதி ஆட்டத்துல ஃபவுண்டரியிலேருந்து ஃபோன். உலை நின்னு போச்சு. நான் மரத்தடியில நின்னு, அதைத் திருகு, இதைப் பூட்டுன்னு கத்திட்டு இருக்கறேன், இங்க அம்மிணி மளமளன்னு ஆடி முன்னாடி வந்திருச்சு. என்னோட கெட்ட நேரத்தைப் பாருங்க. நல்லா ஆடற நேரமாப் பாத்து நான் பாக்க முடியாமப் போகுது. இது எப்பவுமே இப்படித்தானுங்க. பாத்ரூம் போயிட்டு வந்தா, "இப்பத்தான் சார் பிரமாதமா ஒண்ணு அடிச்சாங்க"ம்பாங்க.

ரெண்டாம் நாளு விடுவேனா? ஃபோனை அணைச்சுட்டேன். ஒரு அடி விலகலை. அம்மிணி கூட ஆடினது ஒரு பம்பாய்ப் பொண்ணு, தன்வின்னு பேரு. ரெண்டும் சமமா வந்துட்டு இருந்துது. அந்தப் பொண்ணு குழிக்குப் பக்கத்துல குனிஞ்சு பந்தைத் தள்ளப் போற நேரத்துல எனக்கு இருமல் வந்திருச்சு. மனுசனுக்கு இருமல் வராதுங்களா? எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கறாங்க, என்னமோ நான் கொலை பண்ணிட்டனாட்ட. அப்புறம் ஒரு எடத்துல குளத்துக்கு மேல தாண்டி அடிக்கோணும். அம்மிணி மட்டையை ஓங்கியாச்சு. குடையை விரிச்சுட்டு நிக்கறேன், இந்தப் புள்ளை பாக்கவே இல்லை. மொத தடவையாப் பாக்காம ஓங்குது. என்னால சும்மா இருக்க முடியுமா? "கண்ணு, காத்து, காத்து"ன்னேன். நல்லதுக்குத்தான். பந்து நேராக் குளத்துல. நான் சொல்லியும் போச்சுன்னா பாத்துக்குங்க, சொல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்.

அப்படியும் தட்டுத் தடுமாறி மூணாவது நாளைக்குத் தேறிருச்சு. பம்பாய்ப் பொண்ணு ஒரு அடி கம்மியா ஆடி மொதல்ல, அம்மிணி அடுத்தது. சந்தோசமா கார்கிட்ட நிக்கறேன். ஒரு மேடம் வந்துது. வெள்ளைத் தொப்பி, இடுப்புல வாக்கி டாக்கி. ஆட்டத்துக்கு நாட்டாமை மாதிரி.

"சார், நீங்க நிரஞ்சனாவோட ஃபாதரா?"

"ஃபாதருன்னும் சொல்லலாம், கோச்சுன்னும் சொல்லலாமுங்க."

"நாளைக்கு நீங்க மைதானத்துக்குள்ள வர வேணாம் சார். ஒரு ப்ளேயர் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க."

"எந்த ப்ளேயருங்க?"

"அதைச் சொல்ல மாட்டோம் சார்."

"எனக்குத் தெரியுமுங்க. பம்பாய்ப் பொண்ணுதானே."

அந்தம்மா "உங்க பொண்ணு ரொம்ப தைரியசாலி சார்"னு சொல்லிட்டுப் போயிருச்சு. நான் கேட்டதென்ன, அது சொல்றதென்ன. கோல்ஃப்ல என்னங்க தைரியம் வேண்டிக் கெடக்குது, காளையையா புடிக்கறாங்க?

ரூமுக்கு வந்து நான் குதிச்சேன். அந்த பம்பாய்ப் பொண்ணை சும்மா விடக் கூடாது, மேலிடத்துக்கு எழுதோணும்னு. அம்மிணி கட்டில்ல உக்காந்து ஷூவுல ஒட்டின சேத்தைத் தொடச்சுட்டு இருந்துது. தலையைத் தூக்கலை.

"யாரோ சொல்லியிருப்பாங்கப்பா. விடுங்க."

"நான் இல்லாம எப்படிக் கண்ணு ஆடுவே?"

"பாக்கறேனுங்கப்பா."

தொடச்ச ஷூவையே தொடச்சுட்டு இருக்குது. பாவம், பச்சைப் புள்ளை, அப்பன் இல்லாம ஆடோணுமேன்னு பயந்து போச்சு. புனிதாதான் எந்திரிச்சு வந்து, "குடையை எங்கிட்டக் குடுங்க, நாளைக்கு நான் போறேன்"னா. விரிச்சா என்ன, மடக்கினா என்ன, தட்டினா என்னன்னு அவளுக்கு ஒரு பாடம் நடத்தினேன். எல்லாத்துக்கும் தலையாட்டினா.

மூணாவது நாளு. கேட்டுல வாட்ச்மேன் நிக்கறான். என்ற போட்டோவைக் காட்டி வெச்சிருப்பாங்களாட்ட, தூரத்துல வரும்போதே கன்னடத்துல வேண்டாம் வேண்டாம்ங்கறான். நாலு பம்பு கம்பெனிக்குச் சாமான் போடற ஆளு, வாட்ச்மேன்கிட்ட மல்லுக்கு நிக்கறேன். பொண்ணோட மட்டைப் பையைத் தூக்கறவருக்கு ஃபோன் போட்டேன். அந்த வேலைக்குப் பேரு கேடி. நம்மூர்ல கேடின்னா போலீஸ் ஸ்டேசன்ல போட்டோ ஒட்டியிருப்பாங்க, இங்க அது ஒரு உத்தியோகம். அந்தக் கேடி ஃபோனை அணைச்சு வெச்சிருக்கான். புனிதாவுக்குப் போட்டேன். அவளும் அணைச்சிருக்கா. எல்லாருமாச் சேந்து பேசி வெச்ச மாதிரி.

சுத்துச் சுவரை ஒட்டி ஒரு மண் ரோடு. அதுலயே நடந்தேன். சுவரு ஆள் உசரத்துக்கு மேல. ஒரு எடத்துல சுவரு இடிஞ்சு, அங்க மட்டும் கம்பி வலை கட்டியிருந்தாங்க. வலையைப் புடிச்சுட்டு நின்னேன். வெயில் மண்டையைப் பொளக்குது. குடை உள்ள போயிருச்சே.

ரொம்ப நேரம் கழிச்சு அந்தப் பக்கமா வந்தாங்க. அம்மிணி முன்னாடி நடந்து வருது, கேடி ஏதோ சொல்றான், அது சிரிக்குது. வாய் விட்டுச் சிரிக்குது. இத்தனை வருசத்துல மைதானத்துக்குள்ள அது சிரிச்சு நான் பாத்ததே இல்லைங்க. எனக்குப் பக்குனுது. சரி, ஆட்டம் போச்சு, புள்ளை மனசு விட்டுப்போய்ச் சிரிக்குதுன்னு நெனச்சேன். அந்த எடத்துலேருந்து அடிக்கறதுக்கு நின்னுது. பந்துக்கும் எனக்கும் நடுவுல இந்த வலைதான். காத்து இடது பக்கமா அடிக்குது. மரத்து இலையெல்லாம் ஆடுது. எனக்குத் தெரியுது, அதுக்குத் தெரியுமோ என்னமோ. கூப்பிடலாம்னு வாயைத் தொறந்துட்டேன்.

கூப்பிடலீங்க.

ஏன்னு கேட்டா எனக்கே தெரியலை. அது எங்கயும் திரும்பிப் பாக்கலை. இடமும் பாக்கலை, வலமும் பாக்கலை. பந்தைப் பாத்துது, தூரத்துல கொடியைப் பாத்துது, அடிச்சுது. டொக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். பந்து மேல போய், காத்துல கொஞ்சம் வளைஞ்சு, கொடிகிட்ட போய் உக்காந்துது. நான் வலையை விட்டுட்டு ரோட்டோரம் உக்காந்துட்டேன். வெயிலுங்க, வேற ஒண்ணுமில்லை. கண்ணெல்லாம் எரியுது.

அப்புறம் ஒரு பெரிய கைதட்டல் கேட்டுது. யாருக்குன்னு தெரியலை. கேட்டுக்கு ஓடறேன், அந்த வாட்ச்மேன் எதிர்ல ஓடி வந்து என்ற கையைப் புடிச்சுக் குலுக்கறான். காலையில வெரட்டுன அதே கை.

கடைசிக் குழியில என்ன நடந்துச்சுன்னு புனிதா சொல்லித்தான் தெரியும். அவ கோல்ஃப் கதை சொல்றது எப்படி இருக்கும்னா, "அந்தப் பொண்ணு மணல்ல மாட்டிக்கிச்சுங்க, நம்ம பொண்ணு மாட்டிக்கலை, தள்ளுச்சு, விழுந்துருச்சு." முடிஞ்சுது கதை. குழியிலேருந்து எவ்வளவு தூரம்டீன்னா, "நம்மூட்டுச் சமையக்கட்டுலேருந்து வாசல் வரைக்கும்"ங்கறா. தூரம் சரியாத் தெரியாததால, மத்தவங்ககிட்டச் சொல்றப்ப நான்தான் கொஞ்சம் இட்டு நெரப்பி, கண்ணுல பாத்த மாதிரி சொல்லிட்டு இருக்கறேன்.

"குடையை என்ன பண்ணினே?"ன்னு கேட்டேன்.

"வெயிலா இருந்துது, புடிச்சுட்டு இருந்தேன்."

"ஆட்டம் முழுக்க விரிச்சேவா?"

"ஆமா."

பாத்தீங்களா. விரிச்சா ஜாக்கிரதைன்னு அர்த்தம். ஆட்டம் முழுக்க ஜாக்கிரதையா ஆடியிருக்குது, ஜெயிச்சிருச்சு. என்ற முறை தப்பாப் போகலை. நான் எங்க இருந்தா என்ன.

கப்பு குடுக்கற நேரத்துக்கு என்னை உள்ள விட்டாங்க. போட்டோ எடுத்து முடிச்சுட்டாங்க. கூட்டத்துக்குப் பின்னாடி நிக்கறேன். அம்மிணி மைக்கைப் புடிச்சு ஒவ்வொருத்தருக்கா நன்றி சொல்லுச்சு. அம்மாவுக்கு, கோச்சுக்கு, கேடிக்கு. புல்லு வெட்டறவங்களுக்குச் சொல்லுச்சுங்க, புல்லு வெட்டறவங்களுக்கு. எனக்கு வவுறு எரியுது. கடைசியில என்னைப் பாத்துருச்சு. மைக்கைக் கிட்ட இழுத்து, "எங்கப்பாவுக்கு, இன்னைக்கு அவர் செஞ்ச உதவிக்கு"ன்னுது. எல்லாரும் திரும்பி எனக்குக் கை தட்டறாங்க. அந்தத் தொப்பி மேடம் எல்லாரையும் விட எச்சாத் தட்டுது. இன்னைக்குன்னு ஏன் சொல்லுச்சுன்னு எனக்கு இன்னும் புடிபடலை. சின்னப்புள்ளை, பதட்டம். இத்தனை வருசமும்னு சொல்ல வந்திருக்கும்.

திருப்பூர்க்காரங்களுக்கு ஃபோன் போட்டு, பொண்ணுக்கு இப்ப நேரமில்லைங்கன்னுட்டேன். குமரவேலு மாலையோட வந்தாரு. வரட்டும்.

இப்ப ஐதராபாத்துல அடுத்த போட்டி. நான் பெட்டியை எடுத்து வெக்கறேன், அம்மிணி வந்து, "நீங்க வீட்டுலயே இருங்கப்பா. முட்டி வலியோட எதுக்கு அலையறீங்க"ங்குது. எனக்கு முட்டி வலின்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அம்மாளும் பொண்ணும் முந்தாநாளே கெளம்பிட்டாங்க. போறப்ப புனிதா வாசப்படியில நின்னு, "கம்ப்ளெயின்ட் குடுத்தது யாருன்னு உங்களுக்கு நெசமாவே தெரியலீங்களா?"ன்னு கேட்டா.

"தெரியுமே, பம்பாய்ப் பொண்ணு"ன்னேன்.

"அப்படியே இருக்கட்டும்"னு சொல்லிட்டுப் பெட்டியை எடுத்துட்டா. அவளுக்கென்ன தெரியும், கோல்ஃப்பா தெரியும்.

ரெண்டு நாளு ஃபவுண்டரியில உக்காந்து ரோசனை பண்ணினேங்க. மத்த ஊர்லயெல்லாம் நான் உள்ள இருந்தேன், மூட்டை கட்டுச்சு. மைசூர்ல வெளிய நின்னேன், கப்பு வந்துது. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அத்தனை பெரிய கோச்சு, மூச்சை இழுத்து விட்டு இத்தனை வருசமாக் கண்டுபுடிக்காததை நான் கண்டுபுடிச்சுட்டேன். நான் சுவத்துக்கு வெளிய நிக்கறது அம்மிணிக்கு ராசிங்க. ஊட்டுல இருந்தா ராசி வேலை செய்யுமோ என்னமோ, யாரு கண்டா. அதனாலதான் கெளம்பிட்டேன். உள்ள போகறதுக்கு இல்லைங்க. சுவத்துக்கு இந்தப் பக்கம் நிக்கறதுக்கு.

சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க.

அம்மிணிக்கு நான் வர்றது தெரியாது. தெரிய வேண்டாமுங்க. அப்பன் வெளிய நிக்கறான்னு தெரிஞ்சா மனசு அங்க போயிரும், பந்து காட்டுக்குள்ள போயிரும். ஜெயிச்சுட்டு வந்தா கேட்டுகிட்ட எதுத்தாப்பல போய் நின்னுக்கலாம். தோத்துட்டு வந்துதுன்னா, மொகத்தைக் காட்டாம அடுத்த ரயிலைப் புடிச்சுருவேன். ஃபோன் பண்ணி எங்கப்பா இருக்கீங்கன்னு கேட்டா, ஊட்டுலதான் கண்ணு, முட்டிக்கு எண்ணெய் போட்டுட்டு இருக்கறேன், நீ மொதல்ல சாப்புடுன்னு சொல்லிக்குவேன்.